கரி விட்ட மூச்சு

மலையேறி வந்த மஞ்சும் சன்னலோரம் நின்று செவிமடுக்க, இம்மன்றத்தை நடத்தித் தரும் மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே! பிரிஞ்சாங் பட்டணத்துக் கடையை இன்று முன்னதாகவே பூட்டிவிட்டு, தேநீர் அண்டாவோடு வந்திருக்கும் கமருஸ்ஸமான் பாய் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே! கொழுந்துக் கூடை இறக்கிய தோளோடு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வசுமதியின் வணக்கம்.

நான் இத்தோட்டத்து மூன்றாம் லயத்து வரிசை வீட்டுப் பெண். ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை? கரியைச் சூடாக்கி, அது விடும் மூச்சை அளக்கும் வேலை! பின்வரிசையில் யாரோ, "கரியச் சுடறதுக்கா இவ்ளோ படிச்சே?" என்று கேட்பது காதில் விழுகிறது. ஆமாம் அக்கா, அதற்குத்தான் படித்தேன். சிரியுங்கள், பரவாயில்லை.

நிலக்கரி என்பது என்ன? கல்லா? இல்லை ஐயா, அது ஒரு காலத்துக் காடு! மழை நனைத்த காடு, மண் மூடிய காடு, மறந்து உறங்கிய காடு! அதில் ஒரு சிட்டிகைத் தூளைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, காற்றை விலக்கி, மெல்ல மெல்லச் சூடேற்றுவேன். முதலில் ஈரம் போகும். முந்நூறு டிகிரியைத் தாண்டும்போது உறங்கிய காடு மூச்சுவிடத் தொடங்கும். பழுப்புப் புகை எழும். தார்த் துளிகள் தேனாய் வழியும். விடியற்காலையில் நம் தேயிலைச் சரிவில் மூடுபனி எழுமே, அப்படி எழும் அந்தப் புகை. எத்தனை நாள் அதைப் பார்த்தபடியே வேலையை மறந்து நின்றிருக்கிறேன்!

ஆனால் எல்லாக் கரியும் ஒன்றா? இல்லவே இல்லை. மிகப் பழைய கரி ஐந்நூறு டிகிரியிலும் அழுத்தமாய் வாய்மூடி இருக்கும். இளைய கரியோ கொஞ்சம் சூடு பட்டாலே போதும், உள்ளே இருப்பதையெல்லாம் குபுகுபுவென்று கொட்டிவிடும்.

நம் தேயிலைத் தொழிற்சாலை உலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாய் நெருப்பைக் காத்தவர், இதோ நம்மிடையே அமர்ந்திருக்கும் காளியண்ணன். வெள்ளிக்கிழமை மாலை கோயில் பூசைக்குப் போகுமுன் அவர் செய்வது உங்களுக்கெல்லாம் தெரியும். உலை நிறையக் கரியைக் கொட்டி, காற்றுக் கதவை இறுகச் சாத்துவார். "தீயப் போத்திட்டேன், போலாம்" என்பார். பழைய கரி அந்தப் போர்வைக்குள் தூங்கும். அவர் திரும்பி வந்து எழுப்பினால் எழுந்துகொள்ளும்.

சென்ற மாதம் புதுக் கரி வந்தது. இளைய கரி, ஆனால் பார்வைக்கு அதே கறுப்பு. காளியண்ணன் வழக்கம்போல் போர்த்தினார். மனைவி அம்மாக்கண்ணு பூசைத் தட்டோடு வரட்டும் என்று உலை அருகிலேயே உட்கார்ந்தார். உள்ளே கரி காற்றில்லாமல் புழுங்கியது. கதவிடுக்கில் கார்பன் மோனாக்சைடு கசிந்தது. நிறமில்லாத, மணமில்லாத வாயு அது. தலை சுற்றும், கால் பின்னும், நாக்குக் குழறும். தள்ளாடி வெளியே வந்தவர், பூசைக்குப் போன கூட்டத்தின் நடுவே விழுந்தார்.

நாம் என்ன சொன்னோம்? "விரதத்துல சம்சு அடிச்சிட்டு வந்துட்டான் லா!" என்றோம். தூக்கினோமா? இல்லை! தண்ணீர் கொடுத்தோமா? இல்லை! சிரித்தோம், கைப்பேசியில் படம் எடுத்தோம். அம்மாக்கண்ணு அக்கா அன்றிரவு வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. குடிபோதையில் பணி என்று ஆபீஸ் கணக்கர் கிராணி புகார் எழுதிவிட்டார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும்.

இனி நான் சொல்லப்போவது என் குற்றம். அந்தக் கரியின் மாதிரி, தோட்டத்துக்கு வருமுன்னே என் மேசைக்கு வந்தது. நானே சூடாக்கினேன். பழையதைவிட மூன்று மடங்கு வாயு! எண்களை எழுதினேன், கையெழுத்திட்டேன், அனுப்பினேன். எந்தத் தோட்டத்துக்கு என்பதும் தாளில் இருந்தது. ஒரு போன் போட்டு, "அண்ணே, இதப் போத்தாதீங்க" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லையே! புகையின் அழகில் மயங்கி நின்றவளுக்கு, அதன் முன்னால் நிற்கப்போகும் மனிதரின் நினைவு வரவில்லை. வெட்கப்படுகிறேன். நாளை அந்தத் தாளோடு நானும் விசாரணைக்குப் போகிறேன்.

என்ன காளியண்ணே, எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள்.

"அத விடும்மா. இப்ப எனக்குப் பதிலா உலையில ஃபிக்ரி நிக்கிறாரு. அவருக்கு சொன்னியா?"

கேட்டீர்களா, கேட்டீர்களா! தம் வேலை போகும் நேரத்தில் இவர் கேட்கும் கேள்வியைக் கேட்டீர்களா! சொல்லிவிட்டேன் அண்ணே. கொஞ்சம் கொஞ்சமாய்ப் போடுங்கள், காற்றுக் கதவைச் சாத்தாதீர்கள் என்று இன்று காலை உலைக்கே போய்ச் சொன்னேன்.

இதோ, தாய்மார் வரிசையிலும் ஒருவர் எழுகிறார். அம்மாக்கண்ணு அக்கா.

"நாளைக்கு அவரு தனியா போகக் கூடாது. நான் கூடப் போறேன்."

அக்கா, நீங்கள் சொன்னதே போதும். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், மேடை தந்த மன்றத்துக்கும் என் நன்றி. அன்று அவர் விழுந்தபோது சுற்றி நின்று சிரித்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் நாளை ஒன்பது மணிக்கு ஆபீஸ் வாசலில் அவரோடு நிற்க வேண்டும். வணக்கம்.