மொழியக்கா திருத்திய ஒற்றைச் சொல்

தலைமை ஏற்றிருக்கும் வழக்கறிஞர் மன்றத் தலைவர் அவர்களே! முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்து மேடையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே! மொழிபெயர்ப்பாளர்களே, எழுத்தர்களே, தட்டச்சர்களே, லிஃப்டை நிறுத்திவிட்டு வந்து கதவோரம் நிற்கும் நண்பரே! முதல் வரிசையில், யார் முகத்தையும் பார்க்காமல் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே! உங்கள் அனைவருக்கும் வணக்கம் சொல்லி இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் துணியில் ‘முன்னாள் மொழிபெயர்ப்பாளர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னாள்! அந்தச் சொல்லை இனி நான் உச்சரிக்கப் போவதில்லை. இருபத்தாறு ஆண்டுகள் இந்த நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற முதுநிலை மொழிபெயர்ப்பாளர், நம் எல்லோருக்கும் மொழியக்கா, மறைந்துவிட்டார். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச என்னை அழைத்தீர்கள். பேசுகிறேன். ஆனால் நல்லதை மட்டும் பேசிவிட்டு இறங்கினால் அவருக்கு இரண்டாவது முறையாகத் துரோகம் செய்தவன் ஆவேன். முதல் முறை எது என்பதைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்லப் போகிறேன்.

நான் சுருக்கெழுத்தாளன். நீதிமன்றத்தில் ஒருவர் வாய் திறந்தால் என் கை நகரும். அக்கா எனக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். மொழிபெயர்ப்பவர் ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது, சாட்சியின் ‘நானை’ நானாகவே சொல்ல வேண்டும் என்பது விதி. அதனால் குற்றம் சாட்டப்பட்டவர் ‘நான் திருடினேன்’ என்றால் அக்காவும் ‘நான் திருடினேன்’ என்பார். ஒருநாள் மதிய இடைவேளையில் சொன்னார்: “இதுவரைக்கும் பதினோரு கொலை பண்ணியிருக்கேன். திருட்டுக்குக் கணக்கே இல்ல. ஒரு பதவி உயர்வு குடுக்க மாட்டேங்கிறாங்களே!” நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவர் சூஃபிக் கவிதைகளைப் படிக்கத் தொடங்கியது தற்செயல். வெளிநாட்டு வழக்கறிஞர் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் அறையில் ஒரு புத்தகத்தை விட்டுப் போனார். பழைய சூஃபிக் கவிஞர் ஒருவருடைய பாடல்கள், ஆங்கில மொழிபெயர்ப்பில். கேட்டு யாரும் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அக்கா அதைப் புரட்ட ஆரம்பித்தார். முதல் வாரம் அவர் சொன்ன விமரிசனம் இதுதான்: “என்னங்க இது, சாமியைப் பத்தின புத்தகம்னு போட்டிருக்கு, பக்கத்துக்குப் பக்கம் சாராயக்கடையா இருக்கு!”

ஆனால் விடவில்லை. அதே பாடல்களின் இன்னொரு மொழிபெயர்ப்பைத் தேடி வாங்கினார். பிறகு மூன்றாவது. மூன்றையும் மேசையில் விரித்து வைத்து, ஒரே பாடலை மூன்று வாய்களில் கேட்பார். ஒருவர் ‘காதலன்’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘காதலி’ என்று, மூன்றாமவர் ‘இறைவன்’ என்று! எது சரி? மூலமொழி அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. புதன்கிழமைதோறும் மதியம் நாங்கள் மூன்று பேர் கூடினோம்: அக்கா, நான், லிஃப்ட் இயக்கும் நண்பர். ஆன்மா படிப்படியாக மேலே ஏறுகிற ஒரு பாட்டை அக்கா விளக்கியபோது நண்பர் கேட்டார்: “மேல போறதெல்லாம் சரிக்கா. நடுவுல நின்னுபோச்சுன்னா மணி அடிக்கறதுக்கு ஏதாவது வச்சிருக்காங்களா?” அக்கா அதை மறுக்கவில்லை. “அதைத்தான் இந்தக் கவிஞரும் கேக்கிறாரு” என்றார்.

அந்த நாட்களில் அவர் என்னிடம் சொன்ன ஒன்றை நான் அப்போது சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. “இத்தனை வருஷம் எல்லாரும் என்னை நம்பினாங்க. இப்பதான் முதல் தடவையா நான் ஒரு மொழிபெயர்ப்பாளரை நம்பி உக்காந்திருக்கேன். பயமா இருக்குங்க. அவர் தப்பா சொன்னா எனக்குத் தெரியவே தெரியாது.”

ஒரு புதன்கிழமை, ஒரு பாடல். அன்புக்குரியவரை இழந்த ஒருவர் வாசலில் விழுந்து அழுகிறார். முதல் புத்தகத்தில் ‘நானே என் அன்பைக் கொன்றேன்’ என்று இருந்தது. இரண்டாவது புத்தகத்தில் ‘நானே என் அன்பை விழுங்கினேன்’ என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘அந்தப் பக்கத்து மொழிகளில் இழவு வீட்டார் தம்மைத் தாமே நொந்துகொண்டு சொல்வது, கொலை என்று பொருள் இல்லை.’

அக்கா அந்தக் குறிப்பைப் படித்தார். புத்தகத்தை மூடினார்.

“சாரம் கட்டுறவர் கேஸ் ஒண்ணு, அந்தப் பக்கத்து ஆளு... எட்டு வருஷம் இருக்கும். நீங்கதானே எழுதுனீங்க?”

“ஆமா. ஏன்க்கா?”

“அவர் ‘கொன்னேன்’னு சொல்லலைங்க. ‘விழுங்கிட்டேன்’னு சொன்னாரு.”

அவையோரே! அந்த வழக்கைச் சொல்கிறேன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் இரண்டு பேர், ஒரே ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒருவருக்குக் காய்ச்சல். அவர் ஏற வேண்டிய சாரத்தில் மற்றவர் ஏறினார். விழுந்து செத்தார். முதல்நாள் இருவருக்கும் சண்டை நடந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். சாரத்தின் கயிறு ஓரிடத்தில் அவிழ்ந்திருந்தது. காய்ச்சல்காரரைப் பிடித்தார்கள். கூண்டில் அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நீதிமன்றத்தில் அந்த மொழி தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். அவருக்கும் அது படித்து வந்த மொழி. அந்த மொழியில் ஒரு சாவு வீட்டில் அவர் உட்கார்ந்தது கிடையாது. அவர் தயங்கினார். நான் பார்த்தேன். தயங்கினார்! அப்போது மேலே நீதிபதி இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது: “நேரமாகுது. சுருக்கமா சொல்லுங்க, ஒப்புக்கிறாரா இல்லையா?”

அக்கா சொன்னார்: “நான்தான் அவனைக் கொன்றேன்.” அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அந்தக் குரலுக்கு உரியவர் இன்று இந்த மேடையில் இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் நான் இதைப் பேசவில்லை. இன்று மதியம் அவரே என்னைக் கூப்பிட்டு, “நான் சொன்னதையும் சேத்தே சொல்லிடுங்க, விட்டுடாதீங்க” என்றார்.

நம் வீட்டுச் சாவுகளில் நாம் கேட்டதில்லையா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ‘பாவி, நானே உன்னை முழுங்கிட்டேனே’ என்று மார்பில் அடித்துக்கொள்ளும்போது, எந்தக் காவலராவது விலங்கை எடுத்துக்கொண்டு வந்ததுண்டா? தமிழில் அழுதிருந்தால் அந்த மனிதர் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார். வேறு மொழியில் அழுததுதான் அவர் செய்த குற்றம். சிறையிலிருந்து மூன்று மனு எழுதினார். படிக்க ஆளில்லை என்று மூன்றையும் சிறையிலேயே கோப்பில் கட்டி வைத்தார்கள், அக்காவிடம் ஒன்றுகூட வரவில்லை.

இப்போது என் பங்கு. பதிவேட்டில் இருப்பது மொழிபெயர்ப்பு மட்டும். அவர் வாயிலிருந்து வந்த ஒலி எங்கும் இல்லை, ஓரிடத்தைத் தவிர. சுருக்கெழுத்து ஒலியை எழுதும் எழுத்து. அக்கா தயங்கிய அந்தச் சில நொடிகளில் என் கை சும்மா இருக்கவில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிட்டது. அந்த நோட்டு என் வீட்டு அலமாரியில் இருந்தது. ஏழு ஆண்டு கழித்து அழித்திருக்க வேண்டும். நான் அழிக்கவில்லை.

“அந்த நோட்டு இருக்கா?” என்று அக்கா கேட்டார்.

“அந்த நோட்டை நான் விதிப்படி போன வருஷமே கிழித்து எரித்துவிட்டேன் அக்கா” என்றேன்.

பொய்! எனக்கு ஓய்வு பெற ஓர் ஆண்டு இருந்தது. விதியை மீறி நோட்டை வைத்திருந்தவன் என்று விசாரணை வரும் என்று பயந்தேன். ஒரு மனிதர் எட்டு ஆண்டுகளாகச் சிறையில் இருக்கிறார், நான் என் கடைசி ஓராண்டை நினைத்தேன்.

அக்கா காத்திருக்கவில்லை. கையில் எந்த ஆதாரமும் இல்லாமல், தன் பெயரில், தன்னையே குற்றம் சாட்டி உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தார். என்ன நடந்தது? தள்ளுபடி! ‘கவிதை படித்து மனம் குழம்பியவர்’ என்று ஆணையிலேயே எழுதினார்கள். மறுவாரம் பணியிடை நீக்கம். அவர் மொழிபெயர்த்த வழக்குகளையெல்லாம் கிளறுவார்கள் என்று எல்லோரும் பயந்தார்கள். காலையில் அவரோடு தேநீர் குடித்தவர்கள் மாலையில் அவரைக் கண்டு படிக்கட்டை மாற்றினார்கள். ‘நீதிமன்றத்தின் மாண்பைக் குலைத்தவர்’ என்று நம் ஊழியர் சங்கம் கண்டனத் தீர்மானம் போட்டது. முப்பத்தொரு கையெழுத்து. ஒன்பதாவது என்னுடையது.

ஏன் தலை குனிகிறீர்கள்? மீதி முப்பதில் பாதி இந்த அரங்கில்தானே இருக்கிறது!

நான்கு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவனைப் போல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். அவர் கணவர் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். முன்னறையில் அச்சுக்களுக்கு நடுவே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்: “பொய்ப் பல்லு செய்யறவன் நான். எதுல ஒட்டும், எதுல ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். அவளுக்குப் பொய் ஒட்டாது சார். உள்ள போங்க.”

உள்ளே அதே மூன்று புத்தகங்கள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நோட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

“எப்படிக்கா?”

“நீங்க எப்பவும் வாக்கியத்தைப் பாதியில விடுற ஆளு. அன்னிக்கு மட்டும் எழுவாய், பயனிலை எல்லாம் போட்டு முழுசா முடிச்சீங்க.”

“அப்புறம் ஏன்க்கா என்னைக் காட்டிக் குடுக்கலை?”

“என் தப்பைத்தான் நான் சொல்ல முடியும். உங்களுதை நீங்கதான் சொல்லணும்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! மறுநாள் காலை நோட்டை மேல்முறையீட்டு மன்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். வெளி மாநகரத்திலிருந்து இரண்டு அறிஞர்களை வரவழைத்து அந்த ஒலியைப் படிக்க வைத்தார்கள். மறுவிசாரணை இரண்டு ஆண்டு நடந்தது. கயிறு யாரும் அவிழ்த்ததல்ல, மழையில் இற்றுப்போனது என்பதும் அதில்தான் வெளியே வந்தது. பதினோராவது ஆண்டில் அந்த மனிதர் விடுதலையானார்.

நல்ல முடிவு என்று நினைக்கிறீர்களா? சிறை வாசலுக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். நாற்பது வயதுக்காரர் அறுபது வயதுக்காரரைப் போல வெளியே வந்தார். இருமல். இடையில் அவர் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மனைவி வேறொருவர் வீட்டில் இருந்தார். சிறை அதிகாரிகள் இருவர் கையெழுத்து வாங்க நின்றிருந்தார்கள். அவர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய மொழியில் ஏதோ சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை.

“என்னம்மா சொல்றாரு?” என்று அதிகாரி கேட்டார்.

அக்கா நேராக நின்றார். கைகளைக் கட்டிக்கொள்ளவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பது போலவே நின்று சொன்னார்: “நான் அழுததை நீ கொலையாக்கினாய். என் வாயை எடுத்துக்கொண்டு என்னைச் சிறையில் தள்ளினாய். உன்னை நான் மன்னிக்க மாட்டேன். இனி என் கண்ணில் படாதே.”

ஒரு சொல்லைக் கூட்டவில்லை. ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. தன் மேல் விழுந்த அடியைத் தன் வாயாலேயே முழுசாக மொழிபெயர்த்தார்! பிறகு அந்த மனிதருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் இருமிக்கொண்டே தெருவைக் கடந்து போனார். ஏழு மாதத்தில் அவரும் இறந்தார். அவர் மன்னிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு அக்கா அவர் பின்னால் போகவும் இல்லை.

தீர்ப்பு வந்த பிறகும் அக்காவுக்கு வேலை திரும்பி வரவில்லை. பணிநீக்க ஆணையில் ‘தவறான மொழிபெயர்ப்பை ஒப்புக்கொண்டதால்’ என்று காரணம் எழுதினார்கள்! வீட்டில் உட்கார்ந்து தான் மொழிபெயர்த்த வழக்குகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து கிளறினார். சந்தேகம் என்று தோன்றிய பதினான்கை ஒரு தாளில் எழுதினார். நம் மன்றத் தலைவர் மனுப் போட்டு நகல்களை வாங்கிக் கொடுத்தார். நான்கைப் பார்த்து முடித்தார். மூன்றில் மொழிபெயர்ப்புச் சரி. ஒன்றில் தவறு, ஆனால் தண்டனை பெற்றவர் அதற்குள் சிறையிலேயே இறந்துவிட்டார். அதன் பிறகு அக்கா மூன்று நாள் அந்தத் தாளைத் தொடவில்லை என்று அவர் கணவர் சொன்னார். நான்காம் நாள் ஐந்தாவது நகலைக் கேட்டாராம்.

அதற்குள் சிறுநீரகம் கைவிட்டது. மருத்துவமனையில் கடைசியாக நான் பார்த்தபோது மூன்றாவது புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். ஒரு வரிக்குக் கீழே மொழிபெயர்த்தவர் எழுதியிருந்தார்: ‘இந்த வரி எனக்குப் புரியவில்லை.’

“இந்த மூணு பேர்ல இவர்தான் யோக்கியமான ஆளு” என்றார். குரல் எழும்பவில்லை. “புரியலைன்னு எழுதியிருக்காரு பாருங்க. நான் இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவை... ஒரே ஒரு தடவை, ‘ஐயா, எனக்குப் புரியலை, கொஞ்சம் பொறுங்க’ன்னு சொல்லியிருந்தா...”

அவர் முடிக்கவில்லை. ஆறு நாள் கழித்துப் போய்விட்டார்.

அவையோரே! மாலை போட்டுவிட்டோம். ஒரு நிமிடம் எழுந்து நின்றுவிட்டோம். அவ்வளவுதானா? அந்தக் கண்டனத் தீர்மானம் இன்னும் நம் சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. இந்த அரங்கை விட்டுக் கலைவதற்கு முன் அதை நீக்கிவிட்டுப் போங்கள். கையெழுத்துப் போட்ட கைகளே நீக்கட்டும். ஒன்பதாவது ஆள் தயாராக இருக்கிறேன். கூண்டில் நிற்பவர் பேசும் ஒவ்வொரு சொல்லையும் அவர் மொழியிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்ற மனுவில் மன்றத் தலைவரும் நீதிபதி ஐயாவும் கையெழுத்திட்டுவிட்டார்கள். வெளியே மேசையில் இருக்கிறது. உங்கள் கையெழுத்துக்காக இருக்கிறது.

அந்தப் பதினான்கில் பத்து மிச்சம். அக்காவின் கணவர் அந்தத் தாளை நேற்று என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எத்தனை ஆண்டானாலும், எத்தனை பேர் அவரையும் என்னையும் பார்த்துப் படிக்கட்டை மாற்றினாலும், பத்தையும் பார்த்து முடிப்போம் என்று உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்குப் பதிவேட்டு அறையில் ஐந்தாவது கோப்பைத் திறக்கிறோம். அதன் முதல் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. சுருக்கெழுத்தாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. சிறைக்குள்ளே இருப்பவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.