அறுப்பின் பண்டிகை ஏலமும் அம்மாவின் இடது கண்ணும்

நாற்காலி பறக்கிறது. நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. குழல் விளக்கில் மோதுகிறது. வெடிச் சத்தம். பிறகு கண்ணாடி மழை.

"குனி! அம்மா, குனிஞ்சிக்க!"

தம்பி டேனியல் கத்துகிறான். அம்மா குனியவில்லை. என்ன சத்தம் என்று நிமிர்ந்து பார்க்கிறார்.

இரண்டாவது நாற்காலி. மைக் கீழே விழுந்து கீச்சென்று அலறுகிறது. கீபோர்டில் யாருடைய முழங்கையோ பட்டுத் தாளம் தொடங்கிவிட்டது. நிறுத்த ஆளில்லை. சண்டை முழுவதும் அந்தத் தாளம் ஓடியது.

"புள்ளைங்கள இஸ்துகினு வெளிய போங்க! ஜல்தி!"

"யோவ், கோழிய வுட்டுட்டு பொண்டாட்டிய புடிய்யா!"

ஏலத்தில் எடுத்த சேவலைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒருவர் ஓடுகிறார். நான் அம்மாவைத் தேடுகிறேன். பூசணிக்காய்களுக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். இடது கண்ணைக் கையால் பொத்தியிருக்கிறார். விரலிடுக்கில் ரத்தம்.

அன்று அறுப்பின் பண்டிகை, விளைந்ததில் முதல் பங்கைக் கர்த்தருக்குப் படைக்கும் ஞாயிறு. இடம், சேவூர் ஓரத்தில் எங்கள் ஆலயம். நடந்ததை நாள் வாரியாகச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் தறிக்காரர்கள் தறியில் ஏற்றிய புதுப் பாவில் நெய்து அறுத்த முதல் புடவையைக் காணிக்கையாகப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாக் காணிக்கைகளும் ஏலத்துக்கு வரும். டேனியல் படைத்தது அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை. ஏலம் விட்டவர் சபைச் செயலாளர் செல்வராஜ் அண்ணன். பின்வரிசையில் இரண்டு பேர் விலையை ஏற்றிக் கேட்கக் கை தூக்கியிருந்தார்கள். அவர் மூன்று முறை மணியடித்து, புடவை தன் மைத்துனருக்கு என்று முடித்தார்.

"அண்ணே, கை தூக்கினு கீறாங்க. தெரியலியா?" என்றான் டேனியல்.

"ஒக்காருடா. இன்னும் போலீசே ஆவல, அதுக்குள்ள அதிகாரமா?"

சிரித்தார்கள். டேனியல் காவலர் தேர்வில் தேறியிருந்தான். அவன் வயதுக்கு அது கடைசி வாய்ப்பு. நன்னடத்தை விசாரணை மட்டும் பாக்கி.

"அதிகாரம் இல்லண்ணே. கர்த்தருக்குக் குடுத்த பொருளு. நாயமா வுடுங்க."

செல்வராஜ் அண்ணனின் மகன் நாற்காலியைத் தூக்கினான். நான் பார்த்தேன். சபையே பார்த்தது.

ஆட்டோ. மருத்துவமனை. மருத்துவர் வருவதற்குள் போதகர் வந்துவிட்டார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அடிபட்ட விவரத்தைச் சொன்னா ஸ்டேஷனுக்குப் போயிடும்மா. சபை பேரு கெட்டுடும். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரோட பிள்ளைங்க நாம. வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா ஐயா?"

"சமாதானத்துக்காகம்மா."

டேனியல் சுவரில் குத்தினான். அம்மா அவன் பக்கம் திரும்பினார். "அந்தப் பையனயும் ஒருத்தி பெத்துதான்டா வுட்டா. நான் மன்னிச்சிட்டேன். நீ கம்முனு இரு."

மருத்துவர் வந்தார். கருவிழி கிழிந்திருக்கிறது, எப்படி என்று கேட்டார். குளியலறையில் வழுக்கிக் கண்ணாடியில் மோதியதாகச் சொன்னோம். அப்படியே பதிவானது.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. மனத்தாங்கல் உள்ளவர்கள், அப்பம் வாங்கும் முன் எழுந்துபோய்க் கைகொடுக்க வேண்டும். கட்டுப்போட்ட கண்ணோடு அம்மா எழுந்தார். செல்வராஜ் அண்ணனின் வரிசைக்குப் போனார். அவர் மகனின் தலையில் கை வைத்தார். டேனியல் நகரவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தார். எழுந்து போனான். செல்வராஜ் அண்ணன் அவனைக் கட்டிப்பிடித்தார். சபை அல்லேலூயா என்றது. பெண்கள் அழுதார்கள். ஒரே அப்பத்தைப் பிட்டுப் புசித்தோம்.

புதன்கிழமை காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. டேனியல்மீது வழக்கு. நாற்காலி வீசினானாம், ஆலயப் பொருள்களை உடைத்தானாம். புகார் கொடுத்தவர் செல்வராஜ் அண்ணன். கொடுத்த நாள் சனிக்கிழமை. கட்டிப்பிடித்ததற்கு முந்தைய நாள். உதவி ஆய்வாளரிடம் இரண்டு முறை கேட்டேன். சனிக்கிழமைதான்.

"சாட்சி யாருங்க?"

"உங்க பாதிரியாரு."

அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகவே கேட்டார்.

"வழுக்கி விழுந்தாங்கன்னு ஆஸ்பத்திரியில நீங்களே சொல்லிக்கீறீங்க சார். இப்ப அடிச்சாங்கன்னா எவன் நம்புவான்?"

சாட்சி தேடி வீடு வீடாகப் போனேன். "நாங்க அப்ப ஓடிகினு இருந்தோம்ண்ணா" என்றார்கள். சேவல் வாங்கியவரும் அதையே சொன்னார். கடைசியில் போதகர் வீடு. அவர் உள்ளே கூப்பிடவில்லை.

"எல்லாரும் மன்னிச்சிட்டோமே. எதுக்குக் கிளறிகினு இருக்கீங்க?"

போர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். முற்றுகைகள், உடன்படிக்கைகள். ஆயுதத்தைக் கீழே வைத்தபின் சுடப்பட்டவர்களைப் பற்றியும் படித்திருக்கிறேன். மலைப்பிரசங்கத்தை அதைவிட அதிகமாகப் படித்திருக்கிறேன். பகைவரை நேசிக்கச் சொன்னவர்தான், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள் என்றும் சொன்னார். இரண்டும் ஒரே மலையில் சொன்னவை. நேசிக்கச் சொன்னதை மட்டும் எடுத்து எங்கள் கையில் கொடுத்தார்கள். அது கேடயம் என்று நம்பினோம். எங்கள் கைகளைக் கட்டத்தான் அது பயன்பட்டது. மன்னிக்கும்படி எங்களிடம் மட்டுமே கேட்டார்கள். மன்னிப்புக் கேட்கும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இழப்புகள்.

குழல் விளக்குகள் மூன்று. நாற்காலிகள் ஏழு. மைக் ஒன்று. எல்லாம் புதிதாக வந்துவிட்டன.

திரும்ப வராதவை. அம்மாவின் இடது கண். வேலூர் வரை போய்ப் பார்த்தோம், பார்வை இனி இல்லை என்றார்கள். டேனியலின் காவலர் வேலை. வழக்கு நிலுவையில் இருப்பதால் அவனை எடுக்கவில்லை. அவன் ஆலயத்துக்கு வருவதில்லை. நான் அம்மாவை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்.

ஆராதனை முடிகிறது. அம்மா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறார். செல்வராஜ் அண்ணனுக்கும் சொல்லக் காத்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன். அவர் அம்மாவின் இடப்பக்கமாகவே வெளியேறுகிறார்.