கிளிப் யார்கிட்ட இருக்கு

அட, பையை அப்புறம் பிரிங்கண்ணே, அந்த ரூம் எங்கயும் ஓடிடாது. மொதல்ல உக்காந்து டீயைக் குடிங்க. ஃபோன்ல அவசரம்னு சொன்னது நாந்தான், இல்லேங்கல. உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுல இருக்கற புரோகிராமைச் சாயங்காலத்துக்குள்ள ஒரு சினிமா தியேட்டர்காரங்களுக்குக் குடுத்தாகணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னுட்டாங்க. ஆனா ஒரு டீக்கு நேரம் இருக்கு.

நானா? நானும் ஒரு வகையில உங்க பூட்டு சாவித் தொழில்தான், பூட்டு போடறது. சிரிக்காதீங்க. இந்த வீட்ல நான், எதிர் வீட்ல என் தம்பி, ரெண்டு பேரும் புரோகிராம் எழுதறவங்க. மாடிப்படி பக்கத்துல இருக்கற அந்த ரூம் ரெண்டு வீட்டுக்கும் பொது. தியேட்டர் கவுன்டர்ல டிக்கெட் குடுக்கறது என் புரோகிராம், ஃபோன்ல புக் பண்றது அவனோடது. ஒரே சீட்டை ரெண்டும் ஒரே நேரத்துல வித்துடக் கூடாதில்ல, அதுக்கு ஒரு லாக். யார்கிட்ட லாக் இருக்கோ அவங்கதான் சீட்டைத் தொடலாம், மத்தவங்க காத்திருக்கணும்.

மொத நாளே மானம் போச்சுண்ணே. ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் டிக்கெட்டை நீட்டிட்டு நிக்கறாங்க, மேனேஜர் ஃபோன்ல காய்ச்சு காய்ச்சுனு காய்ச்சறாரு. என்னடான்னு பாத்தா, என் புரோகிராம் தனக்குள்ளயே ஒரு லாக்கை வச்சுப் பூட்டுது, அவனோடது தனக்குள்ள இன்னொண்ணை வச்சுப் பூட்டுது. ரெண்டும் ரொம்ப ஒழுங்கு, ஆனா ஒண்ணு பூட்டினது இன்னொண்ணுக்குத் தெரியவே தெரியாது. அக்கா, நம்ம புத்தி அப்படியே இதுங்களுக்கும் வந்துடுச்சுன்னு விழுந்து விழுந்து சிரிச்சான் கழுதை. அப்புறம் லாக்கைப் பொதுவா, ரெண்டு புரோகிராமையும் ஓட்டற சிஸ்டத்துகிட்ட ஒரு பேர் குடுத்து வச்சோம். ரெண்டும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்டு வாங்கணும். சரியாப் போச்சு.

நம்ம புத்தின்னு ஏன் சொன்னான்னா, வீட்லயும் அதே கூத்துதான். ரூமுக்குள்ள போறப்போ நான் என் வாசல்ல ஒரு அடையாளம் மாட்டுவேன், அவன் அவன் வாசல்ல மாட்டுவான். உள்ள போனா ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேர். அதுக்கப்புறம்தான் ரூம் கதவுலயே ஒரு ஆணி அடிச்சு, துணி காயப்போடற சிவப்பு கிளிப் ஒண்ணு மாட்டினோம். அதை எடுத்துச் சட்டையில மாட்டிக்கிட்டுத்தான் உள்ள போகணும். ஆணி காலியா இருந்தா யாரோ உள்ள இருக்காங்க, தட்டக்கூடாது. எவ்ளோ சண்டை போட்டிருக்கோம், பேசாமக்கூட இருந்திருக்கோம், அந்தக் கிளிப் விஷயத்துல மட்டும் ஒரு நாள்கூடத் தப்பினதில்ல.

எடுத்தவங்க திருப்பி மாட்டலேன்னாவா? நல்லாக் கேட்டீங்க. லாக்கைக் கையில வச்சிருக்கற புரோகிராம் திடீர்னு செத்துப்போகும்ணே, நாங்க அப்படித்தான் சொல்வோம். அப்போ இன்னொண்ணு காலம் பூரா காத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. சிஸ்டமே லாக்கை எடுத்து அதுகிட்ட குடுத்துடும். சும்மா குடுக்காது. வச்சிருந்தவங்க போயிட்டாங்க, உள்ள வேலை பாதியில நிக்கலாம், பாத்துத் தொடுன்னு சொல்லிக் குடுக்கும். அந்தச் சேதி வந்தா என்ன பண்ணணுங்கற எடத்தைத்தான் தம்பி எழுதிட்டிருந்தான். தியேட்டர்காரங்க கேக்கறதும் அதைத்தான்.

வாங்க, இதான் ரூம். சத்தம் கேக்குதா? கம்ப்யூட்டரை அணைக்காமயே வந்துட்டான். நெஞ்சுல என்னமோ பண்ணுதுக்கான்னுட்டு வந்தான். போன மாசம். ஆஸ்பத்திரியில இருந்து சட்டையைத்தான் குடுத்தாங்க, கிளிப்போட. அவன் பொண்டாட்டி அதை மடிச்சு வச்சிருக்கா. அவகிட்ட போய் கிளிப்பை எப்படிக் கேக்கறது?

என்ன தேடறீங்க, சாவி போடற ஓட்டையா? இந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாதுண்ணே. தள்ளினாத் தொறந்துக்கும். ஆணி காலியா இருக்கில்ல, என்னால தள்ள முடியல. ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தமில்லாத ஆளா ஒருத்தர் வேணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். அவன் உள்ள இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, தள்ளுங்க.