வெளியில் தொங்கிய பூட்டு

எதிர்க்கடை நூடுல்ஸில் மிளகாய் எண்ணெய் எப்போதுமே கொஞ்சம் தூக்கல்தான், ஐயா. அன்றைக்கு உங்களுக்கு மூக்கு வியர்த்ததைப் பார்த்து நானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

என் கடைப் பலகையில் முடிதிருத்தகம் என்று இருக்கும். உள்ளே ஒரு கத்தரிக்கோல்கூடக் கிடையாது. அது உங்களுக்குத் தெரியாததல்ல. புது வருஷத்துக்கு, உள்ளே தொழில் செய்கிற மற்றப் பெண்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். யான்லிங் மட்டும் போகவில்லை. குய்சோ மாகாணத்து மலைக்கிராமப் பெண். முன்பு வேறு ஊரில் போலீஸ் சோதனையில் பிடிபட்டபோது அவளைக் கயிற்றில் கட்டித் தெருவில் நடத்தி, பெயரை ஒலிபெருக்கியில் வாசித்திருக்கிறார்கள். யாரோ எடுத்த அந்தப் படம் அவள் அம்மாவின் கண்ணிலேயே பட்டுவிட்டது.

"அக்கா, இன்னொரு தடவை அப்படி நடக்க வச்சா எங்கம்மா உசிரோட இருக்காது. சோதனைன்னு வந்தா என்னை உள்ள விட்டு வெளியில பூட்டிடுங்க" என்று அவளேதான் கேட்டாள். நானும் வாக்குக் கொடுத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் உங்கள் போலீஸ் வண்டி தெருமுனையில் திரும்பியதும் ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். வெளிச்சம் தெரியாமலிருக்க ஜன்னலில் முன்பே அட்டை ஒட்டியிருந்தோம். உள்ளே கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. குளிர் அப்படி.

நீங்கள் எதிர்க்கடையில் சாப்பிட உட்கார்ந்தீர்கள். நானும் வந்து உட்கார்ந்தேன்.

"என்னம்மா சியூ, கடைக்குப் பூட்டு?"

"புது வருஷம் சார். எல்லாம் ஊருக்குப் பறந்துடுச்சுங்க."

"அப்ப நீ யாருக்குக் காவல்? பூட்டுக்கா?"

அப்போதுதான் ஷட்டர் அதிர்ந்தது.

"என்ன சத்தம்?"

"எலி சார். ஆளில்லாத கடைன்னா அதுக்குக் கொண்டாட்டம்தானே."

சிரித்தீர்கள். மறுபடியும் அதிர்ந்தது. மூச்சுக் காட்டாதே என்று அத்தனை தடவை சொல்லியும் இப்படிச் செய்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நீங்கள் எழுந்துவிடக் கூடாதே என்று இன்னொரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிடும்போது சத்தம் நின்றது.

சாவி என் கோட்டுப் பையிலேயே இருந்தது. கரிப்புகை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். என் மாமியார் அப்படித்தான் போய்ச்சேர்ந்தாள். திறந்திருந்தால் யான்லிங்குக்குப் பதினைந்து நாள் காவல். கடை நடத்துகிற எனக்கு ஐந்து வருஷத்துக்குக் குறையாது. எனக்கும் வயதாகிவிட்டது, ஐயா.

நீங்கள் போன பிறகும், திரும்பி வருவீர்களோ என்று கொஞ்சம் பொறுத்துத்தான் திறந்தேன். ஷட்டரை ஒட்டியே கிடந்தாள். தூக்கிப் போகும்போது தெருவே கூடிக் கைப்பேசியை நீட்டியது. நான்தான் ஓடிப்போய் என் சால்வையால் அவள் முகத்தை மூடினேன். ஒருவரையும் படம் எடுக்க விடவில்லை. அவள் அம்மா வந்தால், சியூ அக்கா கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள் என்று மறக்காமல் சொல்லுங்கள்.