கையுறை அலமாரியின் சாவி

இந்த அவைக்குத் தலைமையேற்று, நான் நீட்டி முழக்கினால் மணியடிக்க ஆயத்தமாக அமர்ந்திருக்கும் அருட்தந்தை அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோர்களே! உழைத்துக் களைத்த உடம்போடு உட்கார்ந்திருக்கும் தோழர்களே! மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

‘ஆதித் திருச்சபையின் தலைமைப் பண்பும் இன்றைய பணிக்குழுவும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது, நானோ மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். அழுக்குத் துணியைப் பற்றித்தான் எனக்குப் பேச வரும். சிரியுங்கள், சிரியுங்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வராது.

எங்கள் கூடத்தில் இரண்டு பகுதிகள். வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளைப் பிரிப்பது ஒன்று. வெளுத்ததை இஸ்திரி போட்டு மடிப்பது மற்றொன்று. நான் இஸ்திரிப் பகுதியில் சேர்ந்து, இஸ்திரிப் பகுதியில் வளர்ந்து, இஸ்திரிப் பகுதியிலிருந்து உயர்ந்தவள். தடித்த கையுறைகள் குறைவாகத்தான் வரும். அலமாரிச் சாவி என் இடுப்பில். யாருக்குக் கொடுத்திருப்பேன்? ஆமாம் அம்மா, சரியாகச் சொன்னீர்கள், என் ஆட்களுக்குத்தான்! சூடு படுமே என்று காரணமும் வைத்திருந்தேன். பிரிப்பவர்களுக்கு மெல்லிய ரப்பர் உறை.

அங்கே ஒரு பெண். வாய் ஓயாது, அதனால் ‘ரேடியோ’ என்று பெயர் வைத்திருந்தோம். அவள் வந்து கேட்டாள்: “மேடம், விரிப்புக்குள்ள ஊசி வருது. இந்த உறை வெங்காயத் தோல் மாதிரி இருக்கு. எங்களுக்கும் தடிச்சது குடுங்க.”

“இருக்கறதை வச்சு வேலையைப் பாரு” என்றேன். மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாளும் கேட்டாள். ‘பணியிட அமைதியைக் குலைக்கிறார்’ என்று மெமோ கொடுத்தேன். ரேடியோ அணைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மெமோ கொடுத்த ஒன்பதாம் நாள் அவள் உள்ளங்கையில் ஊசி ஏறியது.

யாருக்குப் போட்ட ஊசி? யாருடைய இரத்தம்? எவருக்கும் தெரியாது. நோய் தொற்றியதா இல்லையா என்று ஆறு மாதம் சோதித்துப் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும், அதுவரை பிள்ளைக்குப் பால் தர வேண்டாம் என்றார் மருத்துவர். ஆம், தாய்மார்களே! அவள் வீட்டில் நான்கு மாதக் குழந்தை. அது எனக்குத் தெரியாது. அவளிடம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வாய் மட்டும்தான்.

அந்த ஞாயிறு ஆலயத்தில் ஒரு வாசகம். ஆதிச் சபையில் அன்றாட உணவுப் பந்தி நடந்தது. கிரேக்கம் பேசும் கைம்பெண்களைக் கவனிப்பதில்லை என்று முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? வாயை அடைத்தார்களா? மெமோ நீட்டினார்களா? எல்லாரையும் கூட்டினார்கள். ஏழு பேரை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள்! குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே அகப்பையைக் கொடுத்தது அந்தச் சபை! எத்தனை முறை கேட்ட வாசகம்! அன்றுதான் அது என் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை எல்லாரையும் கூட்டினேன். “தப்பு என்னோடது” என்றேன். மெமோவைத் திரும்பப் பெற்றேன். சாவியை அவிழ்த்து அவளிடம் நீட்டினேன். “இனிமே யாருக்கு எதுன்னு நீயே முடிவு பண்ணும்மா.”

பழி தீர்ப்பாள் என்று இஸ்திரிப் பெண்கள் பயந்தார்கள். மறைப்பானேன், நானும் பயந்தேன். அவளோ, கொதிக்கும் இஸ்திரி உருளையருகே நிற்கும் இருவருக்கு இரண்டு ஜோடி கொடுத்தாள். பிரிப்பவர்களுக்கு மற்றவற்றைக் கொடுத்தாள். கடைசி ஜோடியை என் கையில் வைத்தாள்.

“இன்னிக்கு ஒரு நாள் எங்ககூட நின்னு பிரிச்சுப் பாருங்க மேடம்.”

நின்றேன். மதியத்துக்கு முன், ஒரு தலையணை உறைக்குள் கைவிட்டபோது ஏதோ உறுத்தியது. ஊசி! கையுறையின் தடிப்பில் குத்தி நின்றது. “பட்டுடுச்சா மேடம்?” என்று ஓடி வந்து, கட்டுப் போட்ட கையால் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அவள்.

ஆறு மாதம் கழித்துச் சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. கைதட்டாதீர்கள்! அதற்குள் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. எந்தத் தலைமையால் அதைத் திருப்பித் தர முடியும்? என்னால் முடியவில்லை.

குழு நடத்தும் பெருமக்களே! உங்கள் பணியிடத்திலும் ஓயாமல் முறையிடும் ஒருவர் இருப்பார். அவரிடம் நீட்டப்போவது மெமோவா, சாவியா? ஊசி ஏறும் வரை காத்திருக்கப் போகிறீர்களா, என்னைப் போல?

சாவி இன்றும் அவளிடம்தான். நான் முதலில் வணங்கியிருக்க வேண்டியவள் கடைசி வரிசையில், குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா, என் கையில் தழும்பில்லை. உன் கையில் இருக்கிறது. பொறுமையோடு கேட்ட அவைக்கு என் நன்றி. உனக்கு என் வணக்கம்.