கீழ்த்தட்டு விலை

— அதை எடுக்காத. கீழ வை.

— ஐயோ, அக்கா! நீங்களா? யாரோன்னு பயந்தே போயிட்டேன்.

— ஓரகத்தி குரல் ஒரு வருஷத்துல மறந்து போச்சா? எண்ணெயைக் கீழ வைன்னேன்.

— எப்படி மறக்கும்? தினமும் கீழ்வீட்டுலேர்ந்து காதுல விழுந்துக்கிட்டேதான் இருக்கு. என்கிட்ட பேசி எவ்வளவு நாளாச்சுன்னுதான்...

— பேச வேணாம்னுதான் அந்தப் பக்கம் திரும்பினேன். நீ சாமான் எடுக்குற லட்சணத்தைப் பாத்தேன், வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

— நல்ல எண்ணெய்தானே அக்கா இது?

— யாரு இல்லன்னா? ஆனா கண்ணுக்கு நேரா வச்சிருக்கான் பாரு, அதுக்குத்தான் அந்த விலை. குனி.

— எங்க?

— முழங்காலுக்குக் கீழ, கடைசித் தட்டு. இந்தக் கடை பேரையே போட்டு, மஞ்ச மூடி.

— அட, ஆமா! அதே எண்ணெய். இவ்வளவு கம்மியாவா?

— நிமிந்து நிக்கிறவளுக்கு ஒரு விலை, குனியறவளுக்கு ஒரு விலை. அது கிடக்கட்டும், எதுக்கு இப்படி முக்காடு? கடைக்குள்ள வெயிலா அடிக்குது?

— தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா... மலிவுக் கடையில நிக்கிறான்னு தெருவெல்லாம் பரவிடும் அக்கா.

— வெக்கம் சோறு போடுமா? போன வாரம் முனை வீட்டு டாக்டரம்மா இந்தத் தட்டு முன்னாடிதான் மண்டி போட்டு மிளகாத்தூள் தேடிக்கிட்டிருந்தாங்க. என்னைப் பாத்ததும் தலையைத் திருப்பிக்கிட்டாங்க. நான் விடுவேனா? அந்தப் பக்கம் இருக்கு டாக்டரம்மான்னு சத்தமாவே சொன்னேன். முக்காட்டை எடு.

— எடுத்துட்டேன், எடுத்துட்டேன்.

— எப்பவும் மேல்தெருக் கடையிலதானே வாங்குவ? குளுகுளுன்னு, பாட்டெல்லாம் போட்டுக்கிட்டு. இன்னைக்கு என்ன காத்து இந்தப் பக்கம்?

— சும்மாதான்.

— சும்மா யாரும் முக்காடு போட மாட்டாங்க.

— அவருக்கு ஃபாக்டரியில வேலையைக் குறைச்சுட்டாங்க அக்கா. வாரத்துல பாதி நாள் வேலை கிடையாது. சம்பளமும் அப்படியே பாதி.

— என் கொழுந்தனுக்கா? காலையில சட்டை போட்டுக்கிட்டுப் படி இறங்கிப் போறாரே!

— போறாரு. பூங்காவுல உக்காந்துட்டு வர்றாரு. அண்ணனுக்குத் தெரிஞ்சுடக் கூடாதாம்.

— அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன, தலையா போயிடும்?

— அன்னைக்கு அப்படிப் பேசிட்டு இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிக்கிறதுங்கறாரு. மாடியை வாடகைக்கு விட்டுட்டு ஒத்தை ரூம் ஒண்ணு பாத்து வச்சிருக்காரு. பஸ் கூட ஒழுங்கா வராத இடம். வர்ற ஒண்ணாம் தேதி போறோம்.

— பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணை வச்சுக்கிட்டு ஒத்தை ரூமா? புத்தி கெட்டுப் போச்சா ரெண்டு பேருக்கும்?

— என்ன பண்ணச் சொல்றீங்க? வர்றதுல பாதி மளிகைக்கே போயிடுது.

— மளிகைக்குப் பாதியா! கொண்டா அந்தத் தள்ளுவண்டிய. இதென்ன, உரிச்ச பூண்டா?

— உரிச்சு வச்சிருக்காங்க. சுலபமா இருக்கும்னு...

— வேலையில்லாம ஒரு ஆம்பள சும்மா உக்காந்திருக்காருல்ல? அவரு உரிக்கட்டும். பூங்காவுக்குப் போறப்ப கையில குடுத்து விடு. இது என்ன? பிஸ்கட்ல தங்க முலாமா?

— பொண்ணு கேட்டா.

— அவ கேக்குறது பிஸ்கட்டு. டப்பாவை இல்ல. பொட்டலத்துல இருக்கு, அதை எடு. சர்க்கரைக்கு எந்த விலையைப் பாத்த?

— இதோ, பெருசா போட்டிருக்காங்களே.

— பெருசா போட்டிருந்தா அதை நீ பாக்கணும்னு போட்டிருக்கான். நீ பாக்க வேண்டியது கீழ பொடி எழுத்துல இருக்கும். கிலோவுக்கு என்னன்னு. அதைப் படி.

— ஓ... இந்தச் சின்னப் பாக்கெட்டு கிலோ கணக்குல ரொம்ப அதிகமா வருதே!

— இப்பதான் கண்ணு திறந்திருக்கு.

— அக்கா.

— ம்?

— ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக் கூடாது.

— முதல்ல சொல்லு. திட்டுறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்.

— தனி அடுப்பு வச்ச முதல் மாசமே, மாசம் முடியறதுக்குள்ள டப்பா எல்லாம் காலி. அதுக்கு முன்னாடி நாங்க உங்ககிட்ட குடுத்ததைவிட அதிகம் செலவு பண்ணியிருந்தேன். அன்னைக்கே அவர்கிட்ட சொன்னேன், அக்கா நம்ம பணத்துல ஒரு பைசா ஒதுக்கியிருக்க முடியாதுன்னு.

— ஒதுக்கினேனே!

— என்னது?

— ஒதுக்காம? மாசா மாசம் ஒதுக்கினேன். உன் பொண்ணு கரும்பலகை தெரியலன்னு அழுதாளே, அந்தக் கண்ணாடி எதுல வாங்கினது? மழையில ஒழுகின உங்க மாடி ஓரத்தை எதுல பூசினது? இந்தக் கடையில குனிஞ்சு குனிஞ்சு மிச்சம் பிடிச்சதுதான் எல்லாம்.

— இதை அன்னைக்கே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா!

— என்னன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உன் புருஷன் சாப்பிட்ட தட்டைத் தள்ளிட்டு, கணக்கு எங்கன்னு கேட்டாரு. இருபது வருஷம் பொங்கிப் போட்டவகிட்ட. கரண்டியை வச்சுட்டு வந்துட்டேன்.

— நான் அப்ப வாயைத் திறந்திருக்கணும்.

— திறந்திருக்கணும்தான். சரி, மூக்கை உறிஞ்சாத, எல்லாரும் பாக்குறாங்க. அந்தச் சோப்புத்தூள் மூட்டையை எடு, பெருசு. நான் எப்பவும் அதான் வாங்குவேன்.

— வேணாம் அக்கா.

— ஏன் வேணாம்?

— பொடி எழுத்தைப் படிச்சேன். இன்னைக்குச் சின்னதுதான் மலிவு. இதே எடைக்கு மூணு சின்னது எடுத்தாலும் இந்தப் பெருசு விலை வரல.

— எங்க, காட்டு... அடி கள்ளி! ஆமாடி! இத்தனை நாளா பெருசுன்னாலே மலிவுன்னு நான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்திருக்கேன்!

— உங்களையே முந்திட்டேன்!

— ரொம்பத் துள்ளாத. அந்தக் கோடி அலமாரிக்கு ஓடு, சிவப்பு ஒட்டு ஒட்டின காய்கறியெல்லாம் நாளைக்குள்ள தீத்துடணும்னு தள்ளுபடியில போடுவாங்க. இன்னைக்கு ராத்திரிக்கும் நாளைக்கும் ஆகும். அழுகலை விட்டுட்டுப் பொறுக்கு.

— கிடைச்சுது! குடைமிளகா, பீன்ஸ், இவ்வளவு கேரட்டு! கடைசிக் கேரட்டுக்கு ஒரு ஆள் கை நீட்டினாரு, நான் குனிஞ்சு அள்ளிட்டேன்.

— நம்ம வீட்டுப் பொண்ணு! இப்ப அரிசி. வாசல்ல பலகை பாத்தியா? கடைக்கு இன்னைக்குப் பொறந்த நாள், மூட்டை பாதி விலை. அதுக்குத்தான் நான் கடை திறக்குறதுக்கு முன்னாடியே வந்து நின்னேன். உனக்கொண்ணு, எனக்கொண்ணு. அந்த முனையைப் பிடி.

— அம்மாடி, என்ன கனம்!

— பாதி விலைன்னு நினைச்சுக்கிட்டுத் தூக்கு, கனம் தெரியாது. ஏய், மெதுவா! இன்னொண்ணு. அவ்வளவுதான். என் கூடையில இருக்குறதையும் இதுலயே போட்டுட்டேன். தள்ளு, கல்லாவுக்குப் போகலாம்.

— வாங்கம்மா, எல்லாத்தையும் மேல வைங்க. ரெண்டு பேர் சாமானும் ஒரே வண்டியிலயா?

— ஒண்ணாவே போடும்மா. வீட்டுல போய் நாங்க பாத்துக்கறோம்.

— சரிம்மா. அரிசியை விட்டுட்டு, மத்ததுக்கு இவ்வளவு ஆச்சு. திரையில பாருங்க.

— இவ்வளவுதானா? ரெண்டு வீட்டுக்கும் சேத்தா? அக்கா, மேல்தெருக் கடையில எனக்கு மட்டுமே இதைவிட அதிகமாகும்!

— இன்னொரு தடவை பாருடி. நல்லா கண்ணு நிறையப் பாத்துக்கோ.

— பின்னாடி நிக்கிறவங்க கேக்குறாங்கம்மா, அந்த மஞ்ச மூடி எண்ணெய் எங்க இருக்குன்னு.

— கடைசித் தட்டுங்க! குனியணும், குனிஞ்சாத்தான் தெரியும்! பாத்தியா சின்னவளே, இப்ப நம்மகிட்ட பாடம் கேக்குறாங்க.

— அம்மா, மூட்டையிலதான் ஒரு சிக்கல். ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான் பாதி விலை. நீங்க தனித்தனிக் குடும்பம்னா பில்லைப் பிரிச்சுப் போட்டுடறேன், ரெண்டுமே பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரே குடும்பம்னா ரெண்டாவது மூட்டைக்கு முழு விலை. என்னன்னு பதியட்டும்?

— தனித்தனிதான்மா. ரெண்டு அடுப்பு, ரெண்டு சமையல். பிரிச்சே போட்டுடு. என்ன அக்கா, சரிதானே? அக்கா?

— அவ கிடக்கா. ஒரே குடும்பம்னு போடும்மா. ரெண்டாவது மூட்டைக்கு முழு விலையையே எடுத்துக்கோ.