சுற்றை நிறுத்தாத மிர்வா லிண்ட்ரூஸ்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், நான் பார்த்து முதல் தடவையாக டை கட்டியிருக்கும் கிரிஸ்டர் ஆல்பெக் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மிர்வாவின் கணவர் இல்போ அவர்களே! தீவுகளிலிருந்து காலைப் படகைப் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! துடுப்புப் போட்டியில் அவரோடு ஒரே படகில் வியர்த்த தோழியரே! கணினித் திரையை விட்டுப் பகல் வெளிச்சத்துக்கு வந்திருக்கும் கியெர்ரோஸ் க்ளப் நண்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் துய்ஸ்கு. வயது பதினேழு. மற்றவர்கள் எழுதும் நிரல்களை உடைத்துப் பார்ப்பது க்ளப்பில் என் வேலை. நான் எழுந்து நின்றாலே நம் ஆட்கள் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். இன்று தைரியமாக உட்காருங்கள். என் கையில் சேட்டை எதுவும் இல்லை. சேட்டைக்குச் சிரிக்கிற ஆள் இல்லாதபோது எதை வைத்துச் சேட்டை செய்வது?

மிர்வா லிண்ட்ரூஸ் போய்விட்டார் என்று சொல்லச் சொல்லி என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். எப்படிச் சொல்வேன்? "மிர்வா சொல்வார்" என்று தொடங்கினால் "சொன்னார்" என்று திருத்த வேண்டியிருக்கிறது. நாற்பத்தாறு வயதில் ஒருவரை இறந்தகாலத்துக்கு மாற்ற என் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளியில் இலக்கணத்தில் நான் தேறினேன். இங்கே தோற்றுவிட்டேன்.

அவர் செய்தது என்ன? படகுத் தோழியர் என்னைக் கேட்டார்கள்: "அவ கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்னு தெரியும். என்னதான் பண்ணினா?" சொல்கிறேன்.

தீவுகளுக்கு நடுவே சுற்றிவரும் படகை எண்ணிப் பாருங்கள். படகு ஒன்று. படகோட்டி ஒருவர். துறைகள் நிறைய. ஒரு துறையில் சாமான் தயாராக இல்லை என்றால் படகோட்டி அங்கே நங்கூரம் போட்டு உட்காருவதில்லை. "தயாரானா கொடி ஏத்துங்க, அடுத்த சுற்றுல வர்றேன்" என்று கிளம்பிவிடுவார். கொடி ஏறிய துறையில் மட்டும் நின்று, வேலையை முடித்து, அடுத்ததற்குப் போவார். ஒரே படகில் எல்லாத் தீவும் பிழைக்கும். இதைக் கணினிக்குள் செய்தால் அதற்கு ஈவென்ட் லூப் என்று பெயர். ஆயிரம் குட்டி வேலைகள். அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து கவனிக்கும் ஒரே சுழல். மிர்வா எழுதிய அந்தச் சுழலின் பெயர்தான் கியெர்ரோஸ். நம் மொழியில் 'சுற்று' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பெயர் வைப்பதில்கூட அவர் இடத்தை அடைத்துக்கொள்ளவில்லை!

இந்தப் படகில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. ஒரு துறை படகைப் பிடித்து நிறுத்திக்கொண்டால் மற்ற எல்லாத் துறையும் பட்டினி. அதைச் செய்து காட்டிய வீரர் இன்று நமக்குத் தலைமை தாங்குகிறார்.

போன பனிக்காலம். க்ளப் வாசல் கதவு, விளக்குகள், சவுனா என்ற நீராவிக் குளியலறையின் அடுப்பு, காபி மெஷின் நான்கையும் ஒரே சுழலில் கோத்திருந்தோம். காபி இறங்கும்வரை காத்திருக்க வேண்டிய இடத்தில் கிரிஸ்டர் எழுதினார், 'தூங்கு' என்று. சாதாரணத் தூக்கம். சுழலிடம் முறையைத் திருப்பிக் கொடுக்காமல், அதன் தலைமேல் படுத்துத் தூங்குகிற தூக்கம்! நாங்களோ சவுனாவிலிருந்து பனியில் குதிக்க வெளியே வந்திருந்தோம், துண்டோடு. கதவு சாத்திக்கொண்டது. திறக்கவில்லை. ஏன் திறக்கும்? கதவின் முறை வரவேண்டுமே. காபி அல்லவா இறங்கிக்கொண்டிருக்கிறது!

துண்டைப் பிடித்தபடி, பல் கிட்டிக்க, மிர்வா ஜன்னல் வழியே கத்தினார்: "யோவ் கிரிஸ்டர்! உள்ள என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

உள்ளே உலர்ந்த சட்டையோடு நின்ற கிரிஸ்டர் கத்தினார்: "நான் ஒண்ணும் பண்ணல! காபிதான் போடுது!"

"காபி போடட்டும். எங்களை ஏன்யா ஐஸ் போடற?"

கதவு திறந்ததும் நாங்கள் எல்லோரும் அடுப்பைப் பார்த்து ஓடினோம். மிர்வா ஈரத் தலையோடு கணினியைப் பார்த்துப் போனார். அந்த ஒரு வரியைக் காட்டிச் சொன்னார்: "தூங்கறது தப்பில்ல கிரிஸ்டர். வாசல்ல படுத்துத் தூங்கறதுதான் தப்பு. நீ காத்திரு. காத்துக் கிடக்காத."

பெரியோர்களே, அந்தப் பேச்சின்படியே அவர் வாழ்ந்தார். க்ளப் கூட்டத்தில் யாரும் நீட்டி முழக்க விடமாட்டார். பதில் தெரியவில்லையா, "பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு முறையைக் கொடுக்க வேண்டும். முதல் நாள் வந்த புதியவருக்கும் அதே முறை, தலைவருக்கும் அதே முறை. நான் இங்கே கொஞ்சம் நீட்டுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் மிர்வா.

இது வெறும் காபி விஷயமா? இல்லவே இல்லை! தீவுகளில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஹெலிகாப்டர் வரும்வரை யார் இருக்கிறார்கள்? அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள். அவசர எண்ணுக்குத் தகவல் போன கையோடு, முதலுதவி கற்ற தொண்டர்களின் ஃபோன்களை எல்லாம் அடிக்கவைப்பது நம் கியெர்ரோஸ்தான். அதை எழுதும்போது கிரிஸ்டர் வம்புக்கு வந்தார்: "ஒவ்வொரு ஃபோனுக்கும் தனித்தனியா ஆள் போட்ட மாதிரி செஞ்சாத்தான் நம்பிக்கை. உன் ஒத்தைப் படகை நான் நம்ப மாட்டேன்."

மிர்வா விடவில்லை: "அடிக்கிற ஃபோன் பக்கத்துல ஆள் எதுக்கு? எடுத்தா கொடி ஏத்தட்டும், அப்ப போய்க்கலாம். நீ போடற கூட்டத்தைத் தாங்க நம்ம பழைய மெஷினுக்கு முதுகு இல்லய்யா."

பனி உறைந்திருந்த ஒரு காலையில் ரூஸ்ஷேர் தீவில் பியோர்யே படகுக் கொட்டகையில் விழுந்தார். முதல் ஃபோனை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது அணைந்திருந்தது. சுழல் அங்கே நிற்கவில்லை. அதற்குள் மற்ற ஃபோன்களும் அடித்துக்கொண்டிருந்தன. ரொட்டிக் கடைக்காரர் கை நிறைய மாவோடு ஓடி வந்து அவர் நெஞ்சை அழுத்தினார். இதோ, இரண்டாம் வரிசையில் நெஞ்சுக்குள் பேட்டரியோடு அமர்ந்திருக்கிறார் பியோர்யே. நம் கூட்டத்தில் சார்ஜ் குறையாத ஒரே மனிதர்!

அவர் மனைவி குன்வோர் பிறகு மிர்வாவைப் பார்த்தபோது கேட்டார்: "நீதான் அந்த ஃபோன்காரியா?"

"அடிக்க வச்சது நான். ஓடி வந்தது ரொட்டிக் கடைக்காரர். நன்றியை அவருக்குக் குடுங்க. எனக்குப் புகைபோட்ட மீன் இருந்தா குடுங்க."

இப்படிப்பட்டவர் எப்படிப் போனார்? எங்கள் கண்ணெதிரே போனார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்; எங்களுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமைக் கூட்டம். திரையில் ஆளுக்கொரு கட்டமாக உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன்: "மிர்வா, நிரல்ல எந்த மாற்றமானாலும் நீங்க ஒப்புக்கிட்டாத்தான் உள்ள போகும்னு விதி இருக்கே. தொண்டர் யாரும் எடுக்கலேன்னா கடைசியா உங்க ஃபோன்தான் அடிக்குது. நீங்க வடக்கே லாப்லாந்துல பனிச்சறுக்கப் போயிட்டா?"

"ஃபோனும் கூடவே சறுக்கும்."

"சறுக்கி விழுந்துட்டா? எல்லாக் காத்திருப்புக்கும் நேர வரம்பு வைக்கணும்னு எங்களைத் திட்டறீங்க. உங்களுக்கு மட்டும் வரம்பே இல்ல."

அவர் சிரித்தார். "ஏய் வாலு, இது நல்ல கேள்வி. இரு, காபி எடுத்துட்டு வந்துடறேன். பேசுவோம்."

எழுந்து போனார். நாற்காலி லேசாகச் சுழன்று நின்றது. நாங்கள் காத்திருந்தோம்.

"காபி மெஷின்ல கிரிஸ்டர் கோடு இருக்கும், அதான் லேட்டு" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். "கொட்டையை நட்டு, தண்ணி ஊத்தி, செடி வளர்ந்து, அப்புறம்தான் காபி" என்றார் இன்னொருவர். அதற்கும் சிரித்தோம். பிறகு கிரிஸ்டர் அவர் எண்ணுக்கு அடித்தார். ஃபோன் மேஜைமேலேயே இருந்தது. காலி நாற்காலிக்கு எதிரே அது ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைவதைத் திரையில் பார்த்தோம். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கிரிஸ்டர் ஆம்புலன்ஸை அழைத்தார். இல்போவை அழைத்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது, தரையைத் தொடும் முன்பே முடிந்துவிட்டது, யார் எப்போது ஓடி வந்திருந்தாலும் பயனில்லை என்று மருத்துவர் சொன்னார். நம்புகிறேன். நம்பத்தான் வேண்டும். ஆனால் தீவுகளில் யார் விழுந்தாலும் ஊரே அதிரும்படி மணி அடிக்கவைத்த பெண், தன் வீட்டுச் சமையலறையில் ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தார்! இதை எந்தத் தலையில் போட்டு நான் புரிந்துகொள்வது?

மறுநாள் க்ளப் கணினியைத் திறந்தோம். நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே ஒரே வரி: 'மிர்வாவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.' பிழை இல்லை. சிவப்பு இல்லை. எச்சரிக்கை இல்லை. நண்பர்களே, எங்கள் தொழிலில் இதைவிடப் பயங்கரம் கிடையாது. தவறாகப் போகும் வேலை கத்தும், பார்த்துக்கொள்ளலாம். வராத ஒன்றுக்காகக் காத்திருக்கும் வேலை கத்தாது. அமைதியாக, ஒழுங்காக, நல்ல பிள்ளையாக, காலம் முழுக்கக் காத்திருக்கும். எங்கும் நேர வரம்பு வைத்த அந்தக் கெட்டிக்காரி வைக்க மறந்த ஒரே இடம் தன் பெயர். நாங்களும் எடுத்துச் சொல்லாமல்தானே இருந்தோம்? அவர் இருப்பார் என்று எல்லோருமே எழுதிவைத்துவிட்டோம்.

தீவுகளின் கூட்டு அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். பொறுப்பேற்கும் ஆள் யார் என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவர் எண் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புயல் மாதம் தொடங்கும் முன் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுவார்கள். பொறுப்பில்லாத மணியை நம்பி யாரும் விழக் கூடாது அல்லவா? நியாயம்தான்.

நியாயம் என்று தெரிந்தும் எங்களில் ஒருவர் கைகூட நகரவில்லை. மேலாளர் கடவுச்சொல் கிரிஸ்டரிடம் இருக்கிறது. மாற்ற வேண்டியதும் ஒரே வரிதான். ஆனால் புது எண்ணை எழுத வேண்டும் என்றால் மிர்வாவின் எண்ணை எடுக்க வேண்டும். சுழல் நிற்கக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினவரின் பிள்ளைகள் நாங்கள் மரமாக நின்றோம்!

இன்று காலை கோட்டு மாட்டும் அறையில் குன்வோர் என் சட்டைக் கையைப் பிடித்தார். "ஏம்மா, அவ நல்லவ, எல்லாம் சரி. எனக்கு ஒண்ணு சொல்லு. இவருக்கு மறுபடி வந்தா, திங்கக்கிழமைக்கு அப்புறம் மணி அடிக்குமா, அடிக்காதா?"

நான் சொன்னேன்: "மேடையில சொல்றேன்." அவர் என்னை நம்பாமல் பார்த்தார். என் பெயர் தீவுவரை போயிருக்கிறது போலும்.

சொல்கிறேன் குன்வோர். நேற்று மதியம் இல்போ க்ளப்புக்கு வந்தார். கையில் மிர்வாவின் ஃபோன். முழு சார்ஜோடு.

"தினமும் சோதனை மணின்னு ஒண்ணு விடறீங்களே, அது இதுல அடிக்குது" என்றார். "அடிக்கும்போதெல்லாம் அவ வந்து எடுப்பான்னு சமையலறை வாசல்ல போய் நிக்கிறேன். நான் எத்தனை நாள் நிக்கிறது? அவ எண்ணை எடுத்துடுங்க."

கிரிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "கையெழுத்து நான் போடறேன் இல்போ. என் எண்ணும் தர்றேன். ஆனா அவ எண்ணை நான் அழிக்க மாட்டேன். எங்கிட்ட அதைக் கேக்காதீங்க."

நான் சொன்னேன்: "எனக்குக் கையெழுத்துப் போட வயசு பத்தல. அழிக்கறதுக்கு வயசு வரம்பு இல்லையே. கடவுச்சொல்லை நீங்க போடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"ஒரு எழுத்து தப்பினாலும் மணி அடிக்காது வாலு."

"எழுத்துப் பிழை வந்தா நானே கண்டுபிடிப்பேன். அதுதானே என் வேலை."

அவர் எண்ணை எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு பெயரை எழுதவில்லை. வரிசை ஒன்றை எழுதினோம். முதலில் கிரிஸ்டர். அவர் எடுக்காவிட்டால் இன்னொருவர். அவரும் எடுக்காவிட்டால் அடுத்தவர். யாருக்காகவும் அளவில்லாமல் காத்திருக்காத வரிசை. ஒப்புதல் கொடுக்கவும் அப்படியே: எங்களில் எந்த இரண்டு பேர் ஒப்புக்கொண்டாலும் போதும். பிறகு சோதனை மணியை அழுத்தினோம். அறையில் இருந்த எங்கள் ஃபோன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறின. மிர்வாவின் ஃபோன் நடு மேஜைமேல் கிடந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம்.

அது அடிக்கவில்லை.

சாவுச் செய்தியைப் புதன்கிழமையே கேட்டோம். அவர் போய்விட்டார் என்பது அந்த மேஜையில்தான் எனக்குத் தெரிந்தது. சரியாக எழுதப்பட்ட ஒரு வரி இவ்வளவு அடிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இல்போ ஃபோனை எடுத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி, இனி தூங்குவேன்" என்றார். நான் இன்னும் தூங்கவில்லை.

மிர்வா லிண்ட்ரூஸ் அவர்களே! உங்களுக்குச் சிலை வைக்கப் போவதில்லை. நின்ற இடத்தில் நிற்பது உங்களுக்குப் பிடிக்காது. அழுகிறோம், அழுவோம்; ஆனால் முறை மாற்றி அழுவோம். ஒருவர் அழும்போது இன்னொருவர் சுழலைப் பார்த்துக்கொள்வார்.

குன்வோர், உங்கள் கேள்விக்கு இந்தச் சபை முன் பதில் சொல்கிறேன். திங்கட்கிழமைக் கையெழுத்து இன்று காலையே போய்விட்டது. மணி அடிக்கும். புயலிலும் அடிக்கும். தொண்டர் யாரும் எடுக்காவிட்டால் கிரிஸ்டரின் தலையணை அருகே அடிக்கும். அவர் எப்படித் தூங்குவார் என்று உங்களுக்கே இப்போது தெரியும், அதனால் உடனே அடுத்தவருக்குப் போகும். எங்களில் ஒருவர் எடுப்பார். இது கியெர்ரோஸ் தரும் உறுதி.